பிஷப் வெளியே வந்த ஜன்னல்

கண்ணாடிக் கூரை போட்ட கட்டடத்தை யாராவது கிளெம் கிட்டின்ஸ் காதுபட ‘ஆரஞ்சு வீடு’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

“அது பூச்சட்டி வெக்கிற கூண்டு,” என்பான். “ஆரஞ்சு வீடுன்னா பனிக்காலத்துல ஆரஞ்சு மரம் வெறச்சுப் போவாம நிக்கிற எடம். மேல ஸ்லேட்டுக் கல்லுக் கூரை. பின்னால மூணடி கனத்துல செவரு. முன்னால தெக்கப் பாத்த ஜன்னலு, ஆள் ஒசரம் ரெண்டு மடங்கு. பனிக்காலத்துச் சூரியன் தரையோட தரையாத்தான் ஊர்ந்து போவும். அது உள்ள வரணும்னா ஜன்னல் வழியாத்தான் வரணும். கூரையில கண்ணாடி போட்டு என்ன செய்ய, நட்சத்திரம் எண்ணவா?”

முதல் தடவை கேட்டபோது ரசித்தேன். நானூறாவது தடவை கேட்டபோது, அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

என் பெயர் ஐவி ப்ரீஸ். இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் ஆஷ்லோ மாளிகையின் சமையல்காரி. ஹிட்லர் சண்டை முடிந்த நாற்பத்தைந்தாம் வருஷம் நான் வந்தேன், அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் தோட்ட வேலைக்குக் கிளெம் வந்தான். இருபத்தைந்து வயது, பட்டாளத்துக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. தலைமைத் தோட்டக்காரக் கிழவர் அந்த கிறிஸ்துமஸுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். இப்படியாகப் பதினொரு ஆரஞ்சு மரங்கள் அவன் தலையில் விழுந்தன. உருளைக்கிழங்கு தவிர வேறெதையும் அதுவரை அவன் வளர்த்ததில்லை. இதை அவனே சொல்லமாட்டான், நான் சொல்கிறேன்.

அவன் குடியிருந்தது ஆரஞ்சு வீட்டின் முதுகில். பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில்தான் அடுப்பு. அங்கே நெருப்பு போட்டால் புகை சுவருக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடி, மறுகோடியில் புகைபோக்கி வழியாகப் போகும். அந்தச் சூட்டில் சுவர் காயும், சுவருக்கு அந்தப் பக்கம் மரங்கள் குளிர் காயும், இந்தப் பக்கம் கிளெமின் கட்டில். கல்யாணம் செய்துகொள்ளேன் என்று நானும் பத்து வருஷம் சொல்லிப் பார்த்தேன். “செவத்துக்கு அந்தப் பக்கம் பதினொண்ணு இருக்கு, போதாதா?” என்பான். எந்தப் பெண்ணும் அவனைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாளிகையை வெளியாருக்குத் திறந்துவிட ஆரம்பித்ததும் நம்மாளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. ஒரு நல்ல கோட்டு, ஒரு பிரம்பு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் சர் எவரார்ட் வென்மோர் கட்டியது, ஒன்பது ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஜன்னல் நடுவே சுவரில் பாதி பதித்த தூண்கள், நடு ஜன்னலுக்கு மேலே மட்டும் ஒரு பெரிய முக்கோண முகப்பு என்று பிரம்பை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவான். நடு ஜன்னலுக்கு வந்ததும் குரல் இறங்கிவிடும்.

அது மற்ற ஜன்னல்களைவிட அகலம். ஆனால் திறக்காது. ஏன் திறக்காது என்பதற்குக் கிளெமிடம் ஒரு கதை இருந்தது. சர் எவரார்டின் இளம் மனைவி இசபெல் ஸ்பெயின் தேசத்துக்காரி. சீதனமாக இந்த மரங்களைக் கொண்டுவந்தாள். தாய்வீட்டுக் கடிதம் வருமா வருமா என்று தினமும் இந்த ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாள். குளிர் நெஞ்சில் ஏறி இருபதாவது வயதில் போய்ச் சேர்ந்தாள். ‘இனி இந்த ஜன்னல் எவருக்காகவும் திறக்கக்கூடாது’ என்று சர் எவரார்ட் ஆணையிட்டார். இந்த இடத்தில் கிளெம் தொப்பியைக் கழற்றுவான். பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

“போன மாசம் நிமோனியான்ன, இப்ப காசநோய்ங்குற. அந்தப் பொண்ணு எதுலதான் செத்தா, ஒரு முடிவுக்கு வா,” என்பேன்.

“ஒனக்கு இதயம் இருக்கவேண்டிய எடத்துல மாவு உருட்டி வெச்சிருக்கு ஐவி,” என்பான்.

மரங்கள் மே இருபதாம் தேதி வெளியே போகும், செப்டம்பர் கடைசியில் உள்ளே வரும். அதற்கு முன்னே பின்னே இல்லை. எட்டு பேர் கிராமத்திலிருந்து வருவார்கள். தொட்டிகள் சதுர மரப்பெட்டிகள், அடியில் சின்ன இரும்புச் சக்கரங்கள், பக்கத்தில் கழி கோர்க்கக் கொக்கிகள். கிழக்குக் கோடியில் உள்ள கதவு வழியாக ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவார்கள். எல்லாவற்றிலும் பெரியதற்கு பிஷப் என்று பெயர். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஆசீர்வாதம் செய்கிற தோரணையில் நிற்கும். அது கடைசியாகப் போகும். அப்புறம் என் முறை. மாவுக்குள் பன்றியிறைச்சியும் ஆப்பிளும் வைத்துச் சுட்ட அப்பம், வெங்காய ஊறுகாய், ஆப்பிள் மது. மிஸ் வென்மோர் புல்தரையில் நாற்காலி போட்டு, மடியில் கம்பளி போட்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வம்சத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். எழுபத்தொன்பது வயது. தனக்கு வேண்டாததைச் சொன்னால் காது கேட்காது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் எஸ்டேட் மேனேஜர் மிஸ்டர் பார்ஜிட்டர் எங்களை எல்லாம் நூலக அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன், கையில் எப்போதும் ஒரு டைரி.

“மிஸ்டர் கிட்டின்ஸ், வருஷத்துல எட்டு மாசம் அந்தக் கட்டடத்துல மரந்தான் நிக்குது,” என்றார். “மேஜை நாற்காலி போட்டா அருமையான டீக்கடை. மரங்கள வேற தோட்டத்துக்குக் குடுத்துடலாம். உங்க ரூம்ல பாத்திரம் கழுவுற எடம் வெச்சுக்கலாம். உங்களுக்கு ஊருக்குள்ள நல்ல வீடா பாத்துத் தர்றோம்.”

கிளெமின் கழுத்து சிவந்தது. இந்த மனுஷன் அப்போது சும்மா இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருந்த மிஸ் வென்மோரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சும்மா இருக்கிற ஜென்மமா அது.

“பதினோரு மரமும் மே இருபதாந்தேதி வெளிய போவும்,” என்றான். “என்னைக்கு ஒத்த மரம், ஒரே ஒரு மரம், அன்னைக்குப் போவாம உள்ள நின்னுச்சோ, அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு சாவிய நானே கொண்டாந்து ஒங்க மேஜையில வெச்சிட்டு மூட்டையக் கட்டுறேன். டீக்கடை வெச்சிக்கங்க, சர்க்கஸ் கூட நடத்திக்கங்க.”

மிஸ்டர் பார்ஜிட்டர் டைரியைத் திறந்து அதை எழுதிக்கொண்டார், ஆறு மணி என்பதையும் சேர்த்து.

வெளியே வந்ததும் பிடித்தேன். “வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டியே, தேவையா ஒனக்கு?”

“முப்பத்தோரு வருஷமா போவுது. இந்த வருஷம் மட்டும் அதுங்களுக்குக் காலு ஒடஞ்சிருமா?”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடை வந்தால் அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மிஸ்டர் பார்ஜிட்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மேஜைவிரிப்புக்கு என்ன நிறம் என்பது வரை யோசித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால் கிளெமின் புகைபோக்கியிலிருந்து புகை. அந்தப் புகை இல்லாத வானத்தை நினைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. மேஜைவிரிப்பு எண்ணம் அதோடு போயிற்று.

பிப்ரவரியில் பிஷப்பின் தொட்டி அடிப்பாகம் உளுத்து உதிர்ந்தது. வெளியே உறைபனி, மரத்தை நகர்த்த வழியில்லை. கிளெம் புயலில் விழுந்த ஓக் மரத்தை அறுத்து, மரம் நின்ற இடத்திலேயே, அதைச் சுற்றியே புதுத் தொட்டி கட்டினான். இரண்டு வாரம் வேலை. வேரை அளந்தான், மண்ணின் ஆழத்தை அளந்தான், சக்கரத்தை அளந்தான். வேர் தாராளமாகப் பரவட்டும் என்று நாலு பக்கமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டான். நான் தினமும் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எப்படி இருக்கு?” என்றான் கடைசி நாள், பெயிண்ட் தூரிகையோடு.

“பிஷப்புக்கே கட்டின அரண்மனை மாதிரி இருக்கு,” என்றேன். நிஜமாகவே பிரமாதமாக இருந்தது. கதவு என்ற ஒன்று இருப்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்று பிற்பாடு ஊரே சிரித்தது. எனக்கும்தான் வரவில்லை.

மே இருபது. பகல் பன்னிரண்டு மணிக்குள் பத்து மரம் வெளியே போயிற்று. பிஷப்பைத் தள்ளிக்கொண்டு கிழக்குக் கதவுக்கு வந்தார்கள். டங் என்று ஒரு சத்தம். பின்னால் இழுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினார்கள். மறுபடி டங்.

முன்கழி பிடித்திருந்தவன் ரெஜ் ஹோட்னெட், ஊர்க் கொல்லன். கழியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். “கிளெம், தொட்டிய அளந்தியா?”

“பின்ன, அளக்காமயா?”

“எவ்ளோ?”

“நாலடி நாலு அங்குலம்.”

“கதவ அளந்தியா?”

கிளெம் கதவு நிலையைக் கையால் அளந்து பார்த்தான். கதவு நாலடி. இரண்டு பக்கமும் கல் நிலை. பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடம், அதில் ஒரு சில்லு பெயர்த்தாலும் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தொட்டியைப் பிரிக்கலாமா என்றால், மூன்று மாதத்தில் வேர் பலகையைப் பிடித்துக்கொண்டு, மேலே மொட்டு வைத்து நிற்கிறது மரம். இப்போது வேரை அசைத்தால் கதை முடிந்தது.

“கதவுக்கு வெண்ணெய் தடவிப் பாருங்கப்பா,” என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது மிஸ்டர் பார்ஜிட்டர் புல்தரையில் வந்து நின்று டைரியைத் திறந்தார். மெதுவாகத்தான் கேட்டார். “ஆறு மணின்னு சொன்னதா ஞாபகம், மிஸ்டர் கிட்டின்ஸ். அவசரமில்ல, நாளைக்கே சாவிய குடுத்தாக்கூட போதும்.”

“சொன்ன சொல்லு சொன்னதுதான்,” என்றான் கிளெம். “ஆறு மணிக்கு வரும்.”

எல்லோருக்கும் அப்பத்தை வெட்டி வைத்துவிட்டு அவனுக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை வெளியே இழுத்து, மூன்று சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு மூன்று சட்டை.

“ஒன்ன ஒரு விஷயம் கேக்கணும்,” என்றேன். “கோவப்படாத.”

“நீ கேட்டு நா கோவப்படாம இருந்திருக்கேனா?”

“நடு ஜன்னலுக்குக் கீழ தரைக்கல்லுல ரெண்டு தடம் இருக்கு. மரம் போனப்பறம் வருஷா வருஷம் முட்டி போட்டுத் தேய்க்கிற எனக்குத்தான் அது தெரியும். சக்கரம் போயிப் போயித் தேஞ்ச தடம். உள்ளயிருந்து வருது, ஜன்னலுக்கு அடியில நொழைஞ்சு வெளிய போவுது. கடுதாசி பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த பொண்ணுக்கு எதுக்குடா சக்கரம்?”

மடித்த சட்டையை மறுபடி பிரித்தான். பேய் முழி முழித்தான்.

“அந்த ஜன்னல் தெறக்குமா?” என்றேன்.

“தெறந்துச்சு,” என்றான்.

பிறகு வெளியே கொட்டினான். அவன் வந்த இலையுதிர் காலத்தில், கிழவர் உயிரோடு இருந்தபோது, மரங்கள் அந்த நடு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தன. அந்த நாளில் நான் புதுசு, அடுக்களையை விட்டு வெளியே வந்து அதைப் பார்த்ததில்லை. தரை வரைக்கும் இறங்குகிற ஜன்னல். மேலே தூக்கினால் முழு ஜன்னலும் சுவருக்குள் ஏறிக்கொள்ளும். மேலே இருக்கிற முக்கோண முகப்பு சும்மா அழகுக்கு வைத்ததில்லை, அதன் உள்ளே வெற்றிடம், ஜன்னல் போய் நிற்கிற இடம். கட்டினவனுக்கு மரம் வளரும் என்று தெரிந்திருந்தது.

“நாப்பத்தேழு பிப்ரவரி ஞாபகம் இருக்கா?” என்றான்.

யாருக்கு மறக்கும். ஆறு வாரம் பனி, நிலக்கரி இல்லை, பால் கேனில் பால் கல்லாய்க் கிடந்தது. அந்தப் பிப்ரவரியில்தான் ஜன்னலைத் தாங்குகிற எடைக்கல் கட்டின கயிறு அறுந்து ஜன்னல் கோணலாக இறங்கி மாட்டிக்கொண்டது. மேலே ஒரு கை நுழைகிற இடைவெளி. அது வழியாகக் காற்று வந்தது. முன்வரிசை மரத்தில் இலை கறுக்க ஆரம்பித்தது. இருபத்தைந்து வயசுப் பையன், சொல்லித்தர ஆளில்லை. ஜன்னலை இழுத்துப் பிடித்து ஆறு அங்குல ஆணியாக அடித்துத் தள்ளினான். இருநூறு வருஷத்து மரச்சட்டத்தில் முப்பத்து நாலு ஆணி. ஆணித் தலைகளுக்கு மேலே மக்குப் பசை அடைத்து, பெயிண்ட் அடித்தான். வசந்தத்தில் ஆணியைப் பிடுங்கப் பார்த்தபோது ஒரு கண்ணாடியில் விரிசல் விட்டது. பயந்துபோய் விட்டுவிட்டான். மே மாதம் மரங்களைக் கோடிக்கதவு வழியாகத் தள்ளினான். சண்டைக்கு முன்னால் மரம் தூக்கினவர்களில் பாதிப்பேர் கல்லறையில் இருந்தார்கள், மீதிப்பேர் பெரிய வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று மதுவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிற்பாடு, முதல் பஸ்ஸில் வந்த முதல் பெண்மணி, இது ஏன் திறக்காது என்று கேட்டாள்.

“வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்,” என்றான். “அந்தம்மா அழுதுருச்சு. அதுக்கப்பறம் எப்படி மாத்துறது?”

“சரி, எழுந்திரு. போயி சொல்லு. ஆணியப் பிடுங்கு.”

“மிஸ் வென்மோர் முன்னாடியா? அவங்க வீட்டு ஜன்னல நாசம் பண்ணிட்டு, அவங்க குடும்பத்துல இல்லாத ஒரு பொம்பளைய சாகடிச்சு, அத அவங்க காதுபட முப்பது வருஷம் சொல்லியிருக்கேன். மூட்டையக் கட்டிட்டுப் போறது சுலபம் ஐவி.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “ஒனக்கு சுலபந்தான். எனக்கு?” என்றேன். “காலையில நிமுந்தா ஒன் பொகை தெரியணும். நீ போயிட்டா நா யாரப் பாத்து சிரிக்கிறது, அந்த டைரியப் பாத்தா?” தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கண் எரிந்தது. வெங்காய ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மணிக்கு அவன் சுத்தியலும் குறடும் எடுத்துக்கொண்டு புல்தரைக்கு வந்தான். மிஸ் வென்மோர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினான். எட்டு பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

“மேடம், அந்த நடு ஜன்னல யாரும் மூடச் சொல்லல. நாந்தான் ஆணி அடிச்சேன். மரச்சட்டத்தக் கெடுத்துட்டேன். சொல்ல பயந்துக்கிட்டு கதை கட்டிட்டேன். இப்பப் பிடுங்குனா கண்ணாடி ஒடைஞ்சாலும் ஒடையும். ஒங்க அனுமதி வேணும்.”

“அப்ப அந்த இசபெல் அம்மா?” என்றான் ரெஜ்.

“அப்படி யாரும் கெடையாது ரெஜ்.”

“எம்பொண்டாட்டி வருஷா வருஷம் போயி அழுதுட்டு வர்றாளேய்யா,” என்றான் ரெஜ். உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டான்.

மிஸ் வென்மோர் கம்பளியைச் சரிசெய்துகொண்டார். “பிடுங்கு,” என்றார், அவ்வளவுதான்.

முப்பத்து நாலு ஆணி, இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றும் கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. கண்ணாடி இரண்டு போயிற்று. பெயிண்டைக் கத்தியால் கீறினார்கள். எடைக்கல் இல்லாததால் எட்டு பேரும் கழி கொடுத்துத் தோளால் நெம்பினார்கள். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு உறுமல், மேலேயிருந்து முப்பத்தோரு வருஷத்துத் தூசியும் ஒரு பழைய குருவிக்கூடும் ரெஜ் தலையில் விழ, ஜன்னல் ஏறியது. ஏறி, முக்கோணத்துக்குள் போய் மறைந்தே போயிற்று. நாங்கள் எல்லோரும் வாயில் ஈ போனது தெரியாமல் நின்றோம். ஐந்தடிக்கு மேல் அகலம். கழிகளை முட்டுக் கொடுத்துவிட்டு பிஷப்பைத் தள்ளினார்கள். சக்கரம் கல்லில் இருந்த தடத்தைத் தானே பிடித்துக்கொண்டு உருண்டது. ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால் பிஷப் வெயிலில் நின்றது.

மிஸ்டர் பார்ஜிட்டர் எண்ணினார். “பதினொண்ணு,” என்றார். டைரியில் இருந்த வரியைக் குறுக்காக அடித்தார். கிளெமைப் பார்த்துத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

ஆட்கள் மீதி மதுவை முடிக்கப் போனார்கள். கிளெம் போகவில்லை. திறந்த ஜன்னலின் கீழே, சட்டத்தில் இருந்த ஆணித் துளைகளைத் தடவிக்கொண்டு நின்றான். மிஸ் வென்மோர் கைத்தடியை ஊன்றி எழுந்து அவனிடம் போனார். நான் கோப்பைகளைப் பொறுக்குகிற சாக்கில் பக்கத்தில் போய்க்கொண்டேன்.

“எனக்குத் தெரியும் கிட்டின்ஸ்,” என்றார்.

“எது மேடம்?”

“நான் பொறந்த வீடு இது. அந்த ஜன்னல் ஏறி எறங்குறதப் பாத்துதான் வளந்தேன். எங்க வம்சத்துல எந்த ஸ்பெயின்காரியும் கெடையாது. அந்த நாப்பத்தேழு பனியில கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு மாடியில படுத்திருந்தேன். நீ அடிச்ச ஆணி அத்தனையும் என் காதுல விழுந்துச்சு.”

கிளெமின் முகம் வெளுத்தது. “அப்ப ஏன் மேடம் ஒரு வார்த்த கேக்கல? அன்னைக்கே என்னைய வேலைய விட்டு அனுப்பியிருக்கலாமே.”

“அனுப்பணும்னுதான் காலைல எறங்கி வந்தேன்,” என்றார் மிஸ் வென்மோர். “கண்ணாடி வழியா பாத்தேன். நீ ஒன் கோட்டயும் போர்வையயும் ரெண்டு மரத்துக்குப் போத்திவிட்டுட்டு, வெறும் சட்டையோட நடுங்கிக்கிட்டு நின்ன. அப்படியே திரும்பிப் போயிட்டேன். ஜன்னல வேற செஞ்சுக்கலாம், அந்த மாதிரி ஒருத்தன எங்க போயித் தேடுவேன்?”

கிளெம் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினான், சுத்தியல்தான் கிடைத்தது. நான் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு என் ஏப்ரன் முனையை நீட்டினேன். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான், நானும் நின்றேன்.